மலைவழியும் நிழற்படமும்

பழந்தமிழ்ப் புலவர் போற்றிய இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை என்பதும் ஒன்று. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் சென்ற வழியையும் பெற்ற பேற்றையும் எடுத்துரைத்து, அவ்வழியே அவனையும் செலுத்துதல் அதன் பொருளாகும். பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் இவ்வகையைச் சார்ந்தது. கூத்தராற்றுப்படை என்பது அதன் மற்றொரு பெயர். 583 அடிகளைக் கொண்ட அப்பாட்டிலே பெருங்கௌசிகனார் நன்னனது மலைநாட்டுக்குச் செல்லும் வழியை விரித்துரைக்கின்றார். அருவியின் அழகையும் மலையின் ஓசைகளையும் கூறுவதோடு அவர் அமையவில்லை. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல், பாசி படர்ந்து வழுக்கும் நிலம் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகச் சுட்டி எச்சரிக்கின்றார். வழியின் இனிமையைக் கூறுபவன் அதன் இடரையும் கூறக் கடமைப்பட்டவன் என்னும் அறம் அப்பாட்டில் அமைந்து கிடக்கின்றது.

முன் சென்றவன் பின் வருவோனுக்கு வழி காட்டும் இப்பணியை மேல்நாடுகளில் கடந்த நூற்றறுபது ஆண்டுகளாக நிழற்படமும் செய்து வருகின்றது. மலை ஏறுவோரும், குன்றுகளிலும் காடுகளிலும் நடந்து மகிழ்வோரும் தாம் எடுத்த படங்களைத் தம்முள் பகிர்ந்து கொள்ளும் வழக்கத்தைப் பலர் வெறும் பொழுதுபோக்கு என்றே எண்ணுவர். அவ்வழக்கத்தின் வரலாற்றை நோக்குவோர், மலைகளின் வழிகள் கண்டறியப்பட்டதும், பொய்யுரைகள் வெளிப்பட்டதும், பனியாறுகளின் தேய்வு அளந்தறியப்பட்டதும் இப்பகிர்வினாலேயே என்பதை உணர்வர். பகிரப்பட்ட படம் எப்பொழுது வழிகாட்டியாகின்றது, எப்பொழுது வழி தவறச் செய்கின்றது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

மலையுச்சியில் படம் எடுத்தல் தொடக்கத்தில் மிக அரிய செயலாய் இருந்தது. 1851 ஆம் ஆண்டில் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத்தட்டு முறையே அக்காலத்தில் வழங்கியது. கண்ணாடித் தட்டின்மீது கொலோடியன் என்னும் பசைநீர்மத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன்னரே படம் எடுத்து, உடனேயே அதனை உருத்துலக்கி முடித்தல் வேண்டும். இவை யாவும் சில நிமிடங்களுள் நிகழ வேண்டியவை. ஆதலின் மலைக்குச் செல்வோன் கமராவோடு இருட்டறைக்குரிய கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடித் தட்டுகள் யாவற்றையும் உடன்கொண்டு செல்ல நேர்ந்தது. 1861 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒகுஸ்த் ரொசாலி பிசோன் என்னும் பிரெஞ்சுக்காரர் அல்ப்ஸ் மலைத்தொடரின் மிகவுயர்ந்த முடியாகிய மொன் பிளாங்கின் உச்சியை அடைந்து படம் எடுத்தார். அவருடைய கருவிகளைச் சுமக்க இருபத்தைந்து சுமைகாரர் வேண்டியிருந்தனர். அவர் எடுத்து வந்த படங்களோ மூன்றே.

அம்மூன்று படங்களுக்காக அத்துணைப் பேர் வருந்தியது ஏன் என்னும் வினா எழலாம். மலையின் தோற்றத்தை ஓவியர் வரைந்த காலத்தில், சிகரங்கள் அவரவர் அச்சத்துக்கும் வியப்புக்கும் ஏற்ப உயர்ந்தும் செங்குத்தாகியும் காட்சியளித்தன. ஏற எண்ணுபவனுக்கு அவ்வோவியத்தால் விளையும் பயன் சிறிது. பாறை எவ்விடத்தில் பிளந்துள்ளது, பனி எவ்விடத்தில் தங்கியுள்ளது, எந்த முகடு தொடர்ச்சியாய் மேலே செல்கின்றது என்பனவே அவன் அறிய விரும்புபவை. நிழற்படம் அவற்றை எடுத்தவனின் எண்ணத்துக்கு உட்படாமலும் பதித்துவிடும். எடுத்தவன் நோக்காத ஒரு விரிசலைப் பார்ப்பவன் அப்படத்திற் காணக்கூடும். இதுவே படத்தைப் பிறருடன் பகிர்தற்குரிய முதற்காரணமாயிற்று.

1857 ஆம் ஆண்டில் இலண்டனில் அல்பைன் கழகமும், 1863 ஆம் ஆண்டில் இத்தாலிய அல்பைன் கழகமும் தோன்றின. மலையேறுவோர் ஒன்றுகூடித் தம் அனுபவங்களைப் படித்தும் பேசியும் பரிமாறும் இடங்களாக இவை விளங்கின. 1871 ஆம் ஆண்டில் றிச்சட் லீச் மடொக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் செலற்றின் பூசிய உலர்தட்டு முறையை வெளியிட்டபின், தட்டுகளை முன்கூட்டியே ஆயத்தஞ்செய்து கொண்டுசென்று, படம் எடுத்து, ஊர் திரும்பிய பின்னர் உருத்துலக்குதல் இயல்வதாயிற்று. கண்ணாடியிற் பதித்த படத்தை ஒளிவிளக்கின் முன்வைத்துத் திரையிற் பெரிதாக வீழ்த்தும் வழக்கமும் பரவியது. இருண்ட மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே சிகரத்தை ஒரே வேளையில் நோக்கி, எவ்வழி ஏறலாம் என்று வாதிட்டனர். ஒருவன் கண்டது ஒரு கழகத்தாரின் பொதுவறிவாக மாறியது.

இவ்வகையிற் பெரும்புகழ் பெற்றவர் இத்தாலியின் பியெல்லா நகரத்தைச் சேர்ந்த வித்தோரியோ செல்லா. 1859 ஆம் ஆண்டிற் பிறந்து 1943 ஆம் ஆண்டில் மறைந்த அவருக்கு இவ்விரு துறைகளும் குடிவழிச் செல்வமாய் வாய்த்தன. அவர் தந்தையார் 1856 ஆம் ஆண்டிலேயே நிழற்படக் கலைபற்றி இத்தாலிய மொழியில் ஒரு பெருநூல் வெளியிட்டவர். சிறிய தந்தையாராகிய குயின்றினோ செல்லா இத்தாலிய அல்பைன் கழகத்தை நிறுவியவர். வித்தோரியோ 30 சென்ரிமீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் நீளமும் உடைய கண்ணாடித் தட்டுகளையே பெரிதும் பயன்படுத்தினார். அத்தகைய தட்டு ஒன்று ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுடையது. அவர் கோக்கசஸ், அலாஸ்கா, ஆபிரிக்காவின் றுவென்சோரி, இமயம், காரக்கோரம் ஆகிய மலைகளிற் பயணஞ் செய்தார்.

1899 ஆம் ஆண்டில் டக்ளஸ் பிரெஷ்பீல்ட் என்பாருடன் கஞ்சன்சங்கா மலையை முழுவதும் சுற்றிவந்த குழுவிலும், 1909 ஆம் ஆண்டில் அப்ருற்சிக் கோமகனுடன் கே2 மலைக்குச் சென்ற குழுவிலும் செல்லா இடம்பெற்றார். கோமகன் குழுவினர் கே2 மலையின் உச்சியை அடையவில்லை. ஆயினும், தென்கிழக்கில் அவர்கள் முயன்ற முகட்டுக்கு அக்கோமகன் பெயரே வழங்கலாயிற்று. செல்லா கொணர்ந்த படங்கள் நூல்களிலும் கழகங்களிலும் பரவி, அம்மலையை நேரிற் காணாதோரும் அதன் முகடுகளைக் கற்றறிய உதவின. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1954 ஆம் ஆண்டு யூலை 31 ஆம் நாள், இத்தாலியர் இருவர் அம்முகட்டின் வழியே ஏறிச்சென்று கே2 உச்சியை முதன்முதலாக மிதித்தனர். தோல்வியுற்ற பயணத்தின் படங்களும் வெற்றிக்கு வித்தாகும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

செல்லாவின் படங்களிற் காணப்படும் ஒரு முறைமை ஈண்டு நோக்கற்பாலது. மலையடியில் நின்று மேல்நோக்கி எடுத்த படத்திற் சரிவுகள் குறுகித் தோன்றும். தொலைவிலுள்ள உச்சி அண்மையிலுள்ள தோள்களுக்குப் பின்னே தாழ்ந்து மறையும். ஒரு சரிவை அதற்கு நேரெதிரே நின்று எடுத்தாலோ, அஃது உள்ளதினும் செங்குத்தாகத் தோன்றும். நீண்ட குவியத்தூரமுடைய வில்லை தொலைவிலுள்ளவற்றை நெருக்கிக் காட்டும். அகன்ற காட்சியை அடக்கும் வில்லை பின்புறத்து மலைகளைச் சிறுமைப்படுத்தும். செல்லா எதிர்மலையின் உயரமான இடங்களுக்கு ஏறி, அங்கிருந்து பல தட்டுகளை வரிசையாக எடுத்து இணைத்து, மலையின் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தித் தோன்றுமாறு செய்தார். பார்ப்பவனுக்குப் பயன்படவேண்டும் என்னும் நோக்கமே அவரை அவ்வுயரங்களுக்கு ஏறச் செய்தது.

பகிர்ந்த படம் உண்மைக்குச் சான்றாவதுபோலப் பொய்க்குக் கருவியாதலும் உண்டு. வட அமெரிக்காவின் மிகவுயர்ந்த முடி, தெனாலி எனவும் மக்கின்லி எனவும் வழங்கும் அலாஸ்கா மலையாகும். 1906 ஆம் ஆண்டில் அதன் உச்சியை அடைந்ததாக பிரெடெரிக் குக் என்னும் அமெரிக்கர் அறிவித்தார். பாறை முடியொன்றில் துணைவன் கொடியேந்தி நிற்கும் படத்தை 1908 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிற் சேர்த்திருந்தார். ஐயங்கொண்ட ஹேர்ஷல் பாக்கர், பெல்மோர் பிறவுண் என்னும் மலையேறிகள் 1910 ஆம் ஆண்டில் அப்பகுதிக்குச் சென்று, நூலிலுள்ள படத்தைக் கையிற்கொண்டு பாறையொடு பாறையை ஒப்பிட்டுத் தேடினர். உச்சிக்குப் பல மைல் அப்பால், ஏறத்தாழ 5,300 அடி உயரமே உடைய ஒரு சிறுகுன்றில் அவ்விடத்தைக் கண்டு, அதே படத்தைத் தாமும் எடுத்து வந்தனர். தெனாலியின் உயரமோ 20,310 அடி. அச்சிறுகுன்று இன்றும் போலிச் சிகரம் என்றே அழைக்கப்படுகின்றது.

இந்நிகழ்ச்சியில் உணரவேண்டுவன இரண்டு. குக்கின் நூலில் வெளிவந்த படம் ஓரம் வெட்டப்பட்டதாயிருந்தது. வெட்டப்படாத படி பின்னாளிற் கிடைத்தபோது, சட்டத்துக்கு வெளியே விடப்பட்டிருந்த மலைகள் உண்மையைக் காட்டின. படத்தில் உள்ளவை யாவும் மெய்யாயிருந்தும் படம் பொய்யுரைக்கக் கூடும் என்பது அதனாற் பெறப்படும். மற்றொன்று, அப்பொய்யை வெளிப்படுத்தியதும் பகிர்வே என்பது. படம் அச்சாகிப் பலர் கைக்குச் சென்றமையாலன்றோ அதனை ஏந்திச் சென்று சோதித்தல் இயன்றது. மறைத்து வைத்த படத்தை மறுத்தல் அரிது.

அதே மலையின் வரலாற்றில், பகிர்வின் நற்பயனுக்கு எடுத்துக்காட்டாய் விளங்குபவர் பிறட்போட் வாஷ்பேண் என்பவர். 1910 ஆம் ஆண்டிற் பிறந்து 2007 ஆம் ஆண்டில் மறைந்த இவர் பொஸ்ரன் நகர அறிவியற் காட்சிச்சாலையின் தலைவராய் நெடுங்காலம் பணிபுரிந்தவர். 1936 ஆம் ஆண்டு முதலாக, கதவு கழற்றிய சிறு விமானத்திற் கயிற்றாற் பிணிப்புண்டு அமர்ந்து, பேரளவுக் கமராவினால் தெனாலியின் பக்கங்களைப் படம் எடுத்தார். அப்படங்களை ஆராய்ந்து, மேற்கு முகட்டின் வழியே ஒரு நேரிய பாதை உண்டெனக் கண்டு, அதனை எல்லோரும் அறிய எழுதினார். பின்னர் 1951 ஆம் ஆண்டிற் பிறருடன் சேர்ந்து தாமே அவ்வழியால் ஏறிக் காட்டினார். இன்று தெனாலிக்குச் செல்வோரிற் பெரும்பாலோர் அவ்வழியையே மேற்கொள்கின்றனர். தாம் ஏறாத பக்கங்களின் படங்களையும் அவர் பிறருக்கு உவந்தளித்தார். 1961 ஆம் ஆண்டில் இத்தாலியராகிய றிக்கார்டோ கசின் தலைமையிற் சென்ற குழு, அம்மலையின் தென்புறத்துக் கடுமுகட்டில் ஏறியதற்கு வாஷ்பேணின் படங்களும் ஒரு தூண்டுகோலாயின.

எவரெஸ்ட் மலைக்கு வழி கண்ட வரலாற்றிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 1921 ஆம் ஆண்டிற் சென்ற முதலாம் ஆராய்ச்சிக் குழுவில் ஜோர்ஜ் மலறி படம் எடுக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். தட்டுகளை அவர் முன்பின்னாக மாற்றி வைத்துவிட்டமையாற் பல படங்கள் வீணாயின. அவற்றை மீண்டும் எடுப்பதற்காக அவர் தாம் முன்பு நின்ற இடங்களுக்குத் திரும்பவும் ஏற நேர்ந்தது. படமின்றித் திரும்பினாற் பின் வருவோர்க்குக் காட்ட எதுவுமில்லை என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

அக்காலத்து முயற்சிகள் யாவும் வடக்கே திபெத்தின் வழியாக நிகழ்ந்தவை. இரண்டாம் உலகப் போரின் பின் அவ்வழி அடைபட, தெற்கே நேபாளத்தின் கதவு திறந்தது. ஆயினும் தென்புறத்தில் ஏறுவழி உண்டென்று பலர் நம்பவில்லை. அந்நிலையில் மைக்கேல் உவாட் என்னும் இளம் மருத்துவர் இலண்டன் அரச புவியியற் கழகத்தின் சேமிப்பில், விமானங்களிலிருந்து எடுத்த எவரெஸ்டின் படங்களும், பலரும் மறந்துவிட்ட படவரை ஒன்றும் கிடக்கக் கண்டார். தென்புறத்துப் பனிப்பள்ளத்தாக்கின் வழியே மேலேற இயலும் என அவற்றால் உணர்ந்தார். அவர் ஊக்கத்தால் 1951 ஆம் ஆண்டில் எரிக் ஷிப்ரன் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு புறப்பட்டது. அக்குழு கண்டறிந்த வழியிலேயே 1953 ஆம் ஆண்டு மே 29 ஆம் நாள் தென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலறியும் உச்சியை அடைந்தனர். பெட்டியில் உறங்கும் படம் ஒன்று உரியவர் கண்ணிற் பட்டதும் வழியாகி எழுந்த வரலாறு இதுவாகும்.

உச்சியில் ஹிலறி செய்ததும் குறிப்பிடத்தக்கது. கொடிகள் கட்டிய பனிக்கோடரியை உயர்த்தி நிற்கும் தென்சிங்கை அவர் படம் எடுத்தார். பின்னர் உச்சியிலிருந்து நாற்புறமும் இறங்கும் முகடுகளைக் கீழ்நோக்கிப் படம் எடுத்தார். தம்மைப் படம் எடுக்குமாறு அவர் கேட்கவில்லை. ஹிலறி உச்சியில் நிற்கும் படம் உலகில் இல்லை. ஒருவன் நிற்கும் தோற்றத்தை எவ்விடத்திலும் அமைத்துவிடலாம் என்பதைக் குக்கின் செயலால் உலகம் அறிந்திருந்தது. உச்சியில் நிற்போன் மட்டுமே காணத்தக்க முகடுகளின் கீழ்நோக்கிய காட்சியை அவ்வாறு அமைத்தல் இயலாது.

இதுகாறும் கூறியவை பெருமலைகளின் செய்திகள். எளிய குன்றுகளில் ஓய்வுநாட்களில் நடந்து மகிழும் பொதுமக்களிடையேயும் இவ்வழக்கம் வேரூன்றியது. இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரிநாட்டிலே கெசிக் என்னும் சிற்றூரில் ஜோர்ஜ், ஆஷ்லி ஏபிரகாம் என்னும் சகோதரர் தந்தையாரின் படக்கூடத்தை ஏற்று நடத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பாறையேறுவோருடன் தாமும் ஏறி, கண்ணாடித் தட்டுக் கமராவைப் பாறை விளிம்புகளில் நிறுத்தி, அவர்கள் எடுத்த படங்கள் அஞ்சலட்டைகளாக ஊரெங்கும் பரந்தன. நகரத்து ஆலைகளிலும் அலுவலகங்களிலும் தொழில்செய்வோர் பலர் அவ்வட்டைகளின் வாயிலாகவே அப்பாறைகளை முதலில் அறிந்தனர்.

அவர்களின் பின்வந்தவருள் உவால்ரர் பூச்சர் என்பவர் தொழிலால் நறுமணப் பொருள்களை ஆக்கும் இரசாயனர். அவர் பிரித்தானியக் குன்றுகளைப் படம்பிடித்து, அப்படங்களின் மீதே நடைவழிகளை வெண்கோடுகளாக வரைந்து, 1960 ஆம் ஆண்டு முதலாக வழிகாட்டி நூல்களை வெளியிட்டார். படத்தின் மேல் ஒரு கோடு இட்டவுடன் அழகுக் காட்சி வழிப்படமாக மாறிவிடுதல் அந்நூல்களிற் காணலாம். கெண்டல் நகரசபையின் நிதியாளராகிய அல்பிரட் உவெயின்றைற் என்பார், ஓய்வுநாட்களில் ஏரிநாட்டின் 214 குன்றுகளில் நடந்து, தாம் எடுத்த படங்களைப் பார்த்துக் கோட்டோவியங்களாக வரைந்து, 1955 முதல் 1966 வரை ஏழு நூல்களாக வெளியிட்டார். மலைநடையும் படமெடுத்தலும் இவ்விருவர்க்கும் தொழிலுக்கு அப்பாற்பட்ட காதலாகவே தொடங்கின.

பெயர் விளங்காத ஆர்வலர் பலரும் தமக்குள் ஒரு நன்முறையை அமைத்துக்கொண்டனர். அஞ்சல்வழிப் படக்கழகங்களில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு படத்தைப் பெட்டியில் இட்டு அடுத்தவருக்கு அனுப்புவர். பெறுபவர் பிறர் படங்களை நோக்கித் தம் கருத்தை எழுதி, தம் படத்தையும் சேர்த்து மேலும் அனுப்புவர். பெட்டி சுற்றி முடித்துத் திரும்பும்போது ஒவ்வொருவர் படத்தின்மீதும் பலர் கருத்துகள் எழுதப்பட்டிருக்கும். புகழ்ச்சியோடு குறையும் எழுதப்படுதலே அம்முறையின் பயன். தன் படத்தில் இல்லாததைப் பிறர் தேடுகின்றனர் என்பதை அறிந்தபின்னரே ஒருவன் பிறர்க்காகப் படம் எடுக்கக் கற்றுக்கொள்கின்றான்.

இம்முறையின் பெருவிரிவு ஒன்று 2005 ஆம் ஆண்டிற் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் தொடங்கியது. ஜியோகிராவ் என்னும் அத்திட்டம், அவ்விரு நாட்டு நிலப்படங்களிலும் வரையப்பட்ட ஒரு கிலோமீற்றர்ச் சதுரம் ஒவ்வொன்றுக்கும் அதன் இயல்பைக் காட்டும் படங்களைச் சேர்க்க முற்பட்டது. சதுரங்களின் தொகை ஏறத்தாழ மூன்று இலட்சத்து முப்பதினாயிரம். மலைநடையாளரும், ஆசிரியரும், ஓய்வுபெற்றோரும் தம் செலவிலேயே சென்று எடுத்துச் சேர்த்த படங்கள் இன்று எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டவை. உரியவர் பெயரைக் குறிப்பிட்டு யாவரும் அவற்றைப் பயன்படுத்தலாம். அத்திட்டத்தில் படத்தோடு இடக்குறி, நாள், விளக்கம் ஆகியவையும் சேர்க்கப்படுகின்றன. சிகரங்களோடு வயல்வேலியும் பாழடைந்த பாலமும் மழைநாளின் சேற்றுப்பாதையும் அங்கே சமமான இடம் பெறுகின்றன. அழகில்லாத சதுரத்துக்கும் ஒருவர் சென்றாகவேண்டும் என்பதே அத்திட்டத்தின் சிறப்பு.

படத்துடன் எழுதப்படும் சிறுகுறிப்பின் பெருமை காலஞ்செல்லச் செல்ல விளங்கும். 1921 ஆம் ஆண்டில் மலறி எவரெஸ்டின் வடக்கேயுள்ள றொங்புக் பனியாற்றைப் படம் எடுத்த இடத்தை, அமெரிக்கராகிய டேவிட் பிறீஷியர்ஸ் தேடிக்கண்டு, 2007 ஆம் ஆண்டில் அங்கிருந்து மீண்டும் படம் எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்து நோக்க, இடைப்பட்ட காலத்தில் அப்பனியாறு ஏறத்தாழ நூறு மீற்றர் உயரம் தாழ்ந்துவிட்டமை புலனாயிற்று. செல்லா நின்ற இடங்களையும் அவர் அவ்வாறே தேடிச் சென்றார். புவி வெப்பமடைதலின் விளைவை எண்களால் உணராதோரும் இவ்விணைப் படங்களால் உணர்கின்றனர். எங்கே, எந்நாள், எத்திசை நோக்கி என்னும் செய்திகள் அழிந்திருப்பின், பழைய படம் அழகிய பனிக்காட்சியாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

இக்காலத்திற் பகிர்வு மிக எளிதாயிற்று. கைத்தொலைபேசியே கமராவாகி, எடுத்த நாழிகையையும் இடத்தையும் தானே குறித்துக்கொள்கின்றது. மலையிலிருந்து இறங்குமுன்னரே படம் உலகெங்கும் சென்றுவிடுகின்றது. அவ்வெளிமையால் விளைந்த இடரும் உண்டு. நோர்வே நாட்டில் துறொல்துங்கா என்னும் பாறைநாக்கு, ஏரியொன்றின் மேல் ஏறத்தாழ 700 மீற்றர் உயரத்தில் வெளியே நீண்டு நிற்கின்றது. 2010 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 800 பேரே சென்ற அவ்விடத்துக்கு, 2016 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 80,000 பேர் சென்றனர். அப்பெருக்கத்துக்கு, ஒருவர் தனித்து அப்பாறையின் நுனியில் நிற்கும் படங்கள் பெருங்காரணமாயின. அப்படத்துக்காக வரிசையிற் காத்துநிற்கும் கூட்டம் படத்தில் இடம்பெறுவதில்லை. போய்வரப் பல மணி நேரம் நீளும் கடுநடையும், மாறும் வானிலையும் அதிற் காணப்படா. படத்தை நம்பித் தக்க உடையும் உணவுமின்றிப் புறப்பட்டு, மீட்புப் படையினரை அழைக்க நேர்ந்தோர் பலர்.

குக்கின் படத்துக்கும் இத்தகைய படங்களுக்கும் நோக்கத்தில் வேறுபாடு உண்டு. குக் ஏமாற்ற எண்ணினார், இவர்கள் மகிழ்ந்த மகிழ்ச்சியைக் காட்டவே எண்ணினர். ஆயினும் சட்டத்துக்கு வெளியே விடப்பட்டது பார்ப்பவனைத் தவறான வழியிற் செலுத்துதல் இரண்டிற்கும் பொது. மலைபடுகடாத்துப் புலவர் அருவியை மட்டும் பாடி, வழுக்கு நிலத்தைக் கூறாது விட்டிருப்பின், அப்பாட்டை நம்பிச் சென்ற கூத்தர் நிலை என்னாகும்?

ஆதலின் மலைப்படத்தைப் பகிர்வோர்க்குரிய கடமை சிலவாக வகுக்கத்தக்கது. படம் எடுத்த இடம், நாள், நோக்கிய திசை ஆகியவற்றை எழுதுதல் முதலாவது. அளவை உணர்த்தும் மனிதனையோ மரத்தையோ சட்டத்துள் அடக்குதலும், வழியின் நீளத்தையும் இடரையும் ஒரு வரியிலேனும் கூறுதலும் அடுத்தவை. கூட்டத்தைத் தாங்காத அரும்பூக்கள் வளரும் இடத்தையும், பறவைகள் கூடுகட்டும் பாறையையும் பொறுத்தவரை, இடத்தைச் சொல்லாது விடுதலே அறமாதலும் உண்டு. எதனைச் சொல்வது, எதனைச் சொல்லாது காப்பது என்பதை, அடுத்து அங்கே செல்லப்போகும் மனிதனையும் அங்கே வாழும் உயிரையும் நினைந்தே துணிதல் வேண்டும்.

பியெல்லா நகரிலே செல்லாவின் கண்ணாடித் தட்டுகள் இன்றும் பேணப்படுகின்றன. அவர் அறியாத காலத்து மக்கள், அவர் எண்ணாத வினாக்களோடு அவற்றை அணுகுகின்றனர். மலையேறி வழியைத் தேடினான், ஆராய்ச்சியாளன் பனியின் தேய்வைத் தேடுகின்றான். இருவருக்கும் அவை விடை தருகின்றன. தோளிற் சுமந்து சென்று, நின்ற இடத்தைக் குறித்து, கண்டதைக் கண்டவாறே பதித்து வந்தமையே அதற்குக் காரணமாகும்.